கொம்பு முறியும் குடியரசுக் கட்சியும்

(மட்டக்களப்பில் ஒரு வாசகர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். மழை இருட்டிக்கொண்டு வருகிறது. தகரக் கூரையில் மழை விழத் தொடங்கினால் என் குரல் எடுபடாது, அதனால் கெதியாகவே தொடங்கிவிடுகிறேன்.

உள்ளே வரும்போது வாசலில் நின்ற தம்பி ஒருவர் கேட்டார்: "சேர், கல்லடிப் பாலத்தடியில இருந்துகொண்டு ட்ரம்பின்ட ஆக்கள் சண்டை பிடிக்கிறதை ஏன் கதைக்கப்போறீங்க? நம்மட கட்சிச் சண்டை காணாதா?" நியாயமான கேள்வி. நம்முடைய சண்டையைக் கதைத்தால் பாதிப் பேர் எழும்பிப் போவீர்கள், மிச்சப் பேர் என்னோடு சண்டைக்கு வருவீர்கள். அயல்வீட்டுச் சண்டை என்றால் வேலியில் சாய்ந்துகொண்டு நிதானமாகப் பார்க்கலாம். ஆனாலும் தம்பி, நம்முடையதும் இடையில் வரும். தப்ப ஏலாது.

கொம்பு முறி விளையாட்டை இங்கே வயதானவர்கள் பார்த்திருப்பீர்கள். ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரியும். வளைந்த இரண்டு மரக் கொம்பையும் ஒன்றோடொன்று கொளுவி, கயிறு கட்டி, இரண்டு பக்கமும் நின்று இழுப்பார்கள். எவருடைய கொம்பு முறிகிறதோ அவர்கள் தோற்றார்கள். வென்ற சேரி மற்றச் சேரியை வசை பாடும். அதில் ஒன்றைக் கவனியுங்கள்: யார் எந்தச் சேரி என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது. நான் இன்று சொல்லப்போவது அப்படியான சண்டை அல்ல. ஒரே சேரிக்காரர் தங்களுக்குள்ளேயே கொம்பைக் கொளுவி, "நீ உண்மையான வடசேரிக்காரன் இல்லை" என்று இழுக்கிற சண்டை.

லிஸ் செனியில் இருந்து தொடங்குகிறேன். வயோமிங் மாநிலத்துக் காங்கிரஸ் உறுப்பினர், முன்னாள் துணை ஜனாதிபதி டிக் செனியின் மகள். குடியரசுக் கட்சியின் பிரதிநிதிகள் சபைத் தலைமையில் மூன்றாம் இடத்தில் இருந்தவர். ட்ரம்பின் முதல் நான்கு வருட ஆட்சியில் அவருடைய நிலைப்பாட்டோடு ஏறத்தாழ 93 வீதம் ஒத்து வாக்களித்தவர். வரிக் குறைப்பு, இராணுவம், துப்பாக்கி உரிமை என்று எதை எடுத்தாலும் அசல் பழமைவாதி. 2021 ஜனவரி 6 அன்று நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் கூட்டம் புகுந்த பிறகு, ட்ரம்பைப் பதவி நீக்கக் கோரும் குற்றப் பிரேரணைக்கு அவர் ஆதரவாக வாக்களித்தார். தேர்தலில் ட்ரம்ப் தோற்றுப்போனார் என்பதையும் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த மே மாதமே அந்தத் தலைமைப் பதவியிலிருந்து இறக்கினார்கள்.

சரி, அவருடைய இடத்துக்கு யாரைக் கொண்டுவந்தார்கள்? நியூயோர்க்கைச் சேர்ந்த எலிஸ் ஸ்டெஃபானிக்கை. அவருடைய கணக்கு ஏறத்தாழ 78 வீதம். ட்ரம்பின் முதல் ஆட்சியில் நிறைவேறிய மிகப் பெரிய சட்டங்களில் ஒன்று 2017 வரிச் சட்டம். அதற்கு எதிராக வாக்களித்தவர் இவர். செனி ஆதரவாக வாக்களித்தவர். 93 பெற்றவரை "நீ எங்கள் ஆள் இல்லை" என்று அனுப்பிவிட்டு, 78 பெற்றவரை "நீதான் எங்கள் ஆள்" என்று இருத்தினார்கள்.

இதைப் படித்த அன்று எனக்குச் சூடடிக்கும் களம்தான் ஞாபகம் வந்தது. எங்கள் அப்பா நெல் அளக்கும்போது மரைக்காலைத் தன் கையை விட்டு விடமாட்டார். நெல் கூடினது குறைந்தது எல்லாம் மரைக்காலைப் பிடித்திருக்கிறவன் கையில் என்பார். செனியின் நெல் குறையவில்லை. மரைக்காலை மாற்றிவிட்டார்கள். முன்பு அளந்தது கொள்கையை: வரி எவ்வளவு, அரசாங்கம் எவ்வளவு பெரிது, வெளிநாட்டுக்குப் படை அனுப்பலாமா. புது மரைக்கால் அளப்பது ஒன்றைத்தான், அந்த மனிதரோடு நிற்கிறாயா இல்லையா என்பதை.

2022 ஓகஸ்டில் வயோமிங்கில் உட்கட்சித் தேர்தல். செனியை ஹரியட் ஹேக்மன் என்ற சட்டத்தரணி 37 புள்ளி வித்தியாசத்தில் தோற்கடித்தார். அந்த ஹேக்மன் 2016-இல் ட்ரம்பை நிறுத்தப் பாடுபட்டவர். இனவாதி என்றுகூடச் சொன்னவர். அது பிழையான தகவல்களை நம்பிச் சொன்னது என்று பின்னர் விளக்கம் கொடுத்தார். விளக்கம் ஏற்கப்பட்டது. ஸ்டெஃபானிக்குக்கு வந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஐ.நா. தூதர் பதவி என்று அறிவித்தார்கள். சபையில் பெரும்பான்மை மயிரிழையில் தொங்கியதால் 2025 மார்ச்சில் அதையும் திரும்பப் பெற்றார்கள்.

"இது ட்ரம்ப் வந்த பிறகு பிடித்த வருத்தம்" என்று சிலர் சொல்வார்கள். முழுக்கச் சரியில்லை. யார் உள்ளே, யார் வெளியே என்ற சண்டை அந்த வீட்டில் பழையது. 1955-இல் வில்லியம் பக்லி 'நேஷனல் ரிவியூ' என்ற பழமைவாதச் சஞ்சிகையைத் தொடங்கினார். 1958-இல் ரொபர்ட் வெல்ச் என்பவர் ஜோன் பேர்ச் சங்கம் என்று ஒரு தீவிர கம்யூனிச எதிர்ப்பு அமைப்பைத் தொடங்கினார். ஐசன்ஹோவர்கூடக் கம்யூனிஸ்டுகளின் ஆள் என்று எழுதியவர் இந்த வெல்ச். ஐசன்ஹோவர் குடியரசுக் கட்சி ஜனாதிபதி, இரண்டாம் உலகப் போரின் தளபதி! 1962-இல் பக்லி, வெல்ச்சை வெளியே தள்ளி எழுதினார். அவருடைய வாசகர்கள் பலருக்கே கோபம். ஆனால் வாசலில் நின்று "நீ வா, நீ போ" என்று சொல்லும் அதிகாரம் அன்று ஒரு சஞ்சிகைக்கு இருந்தது.

2016 ஜனவரியில் அதே சஞ்சிகை அதே வாசலில் மறுபடி நின்று பார்த்தது. ட்ரம்புக்கு எதிராக ஒரு சிறப்பிதழ், 22 பேர் எழுதினார்கள். இந்த முறை வாசல் அசையவில்லை, காவல்காரர்தான் அசைந்தார்கள். எழுதியவர்களில் ஒருவரான க்ளென் பெக் இரண்டு வருடம் கழித்துத் தொலைக்காட்சிக் கமராவுக்கு முன்னால் ட்ரம்ப் அணியின் சிவப்புத் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். இன்னொருவர் பிரென்ட் போசல். அவரை 2025-இல் ட்ரம்ப் தென்னாபிரிக்காவுக்குத் தூதராக நியமித்தார். ஜே. டி. வான்ஸ் அந்த 22 பேரில் இல்லை, ஆனால் அந்த வருடம் அவரும் ட்ரம்புக்கு எதிரிதான். 2022-இல் ட்ரம்பின் ஆதரவோடு செனட்டர். இப்போது துணை ஜனாதிபதி.

இவர்களைப் பச்சோந்தி என்று சொல்லிவிட்டுப் போகலாம். நான் அப்படிச் சொல்லத் தயாரில்லை. நானும் ஒரு தடவை ஒரு கோயில் வண்ணக்கர் தெரிவில் பக்கம் மாறினவன்தான். இன்றைக்கும் கேட்டால், நான் மாறவில்லை, அவர்கள்தான் மாறினார்கள் என்று அரை மணித்தியாலம் சாதிப்பேன். (சிரிப்பு)

குணம் ஒரு பக்கம் இருக்கட்டும். தேர்தல் முறை மனிதரை எப்படி நெளிய வைக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் பெரும்பாலான தொகுதிகள் ஒரு கட்சிக்கே உரித்தானவை. வயோமிங்கில் குடியரசுக் கட்சி வேட்பாளர் என்றால் பொதுத்தேர்தல் வெறும் சடங்கு. உண்மையான போட்டி உட்கட்சித் தேர்தலில். அதற்கு வருகிறவர்கள் கொஞ்சப் பேர், வருகிறவர்களும் சூடான ஆட்கள். ஆகவே எதிரி எதிர்க்கட்சியில் இல்லை, பக்கத்துக் கதிரையில் இருக்கிறான். 2021-இல் ட்ரம்புக்கு எதிரான குற்றப் பிரேரணையை ஆதரித்த குடியரசுக் கட்சிப் பிரதிநிதிகள் 10 பேர். நான்கு பேர் போட்டியிடாமல் ஒதுங்கினார்கள், நான்கு பேர் உட்கட்சித் தேர்தலில் தோற்றார்கள். திரும்பி வந்தது இரண்டே இரண்டு பேர்.

இது நமக்குப் புதுசா? நம்முடைய விருப்பு வாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மட்டக்களப்பு மாவட்டத்துக்கு 5 ஆசனம், ஒரு கட்சி 8 பேரை நிறுத்தும். அம்பாறைக்கு 7, அங்கே 10 பேர். நீங்கள் கட்சிக்கு வாக்குப் போட்ட பிறகு, அதன் வேட்பாளர்களில் மூன்று பேருக்கு விருப்பு வாக்குப் போடலாம். கட்சிக்கு ஓர் ஆசனம் நிச்சயம் என்றால், மற்ற ஏழு பேரையும் விழுத்தினால்தான் எட்டாவது ஆள் பாராளுமன்றம் போகலாம். அதனால்தான் ராவோடு ராவாகச் சுவரொட்டிக்கு மேல் சுவரொட்டி ஏறும், அதுவும் பசை காய முன்னம். விடிய எழும்பிப் பார்த்தால் மேலே இருப்பதும் கீழே இருப்பதும் ஒரே சின்னம்தான், இலக்கம் மட்டும் வேறு. ஒரு தேர்தலில் எங்கள் மதிலில் மூன்று படை இருந்தது. மழை பெய்து உரிந்தபோது மூன்றும் ஒரே கட்சி.

கட்சி மாறுவதிலும் நாம் சளைத்தவர்கள் இல்லை. 1977-இல் மட்டக்களப்பு இரட்டை அங்கத்தவர் தொகுதி. தமிழர் விடுதலைக் கூட்டணி 'சொல்லின் செல்வர்' இராசதுரையை உதயசூரியனிலும், காசி ஆனந்தனை வீட்டுச் சின்னத்திலும் நிறுத்தியது. ஒரே அணி, இரண்டு சின்னம், ஒரே வாக்காளர். இராசதுரை வென்றார், காசி ஆனந்தன் தோற்றார். அந்தக் காயம் ஆறவில்லை. 1979-இல் இராசதுரை ஆளும் ஐக்கிய தேசியக் கட்சிக்குப் போய் அமைச்சரானார். 1956 முதல் இந்த மண்ணின் குரலாக இருந்தவர். வீட்டுக்கு வீடு அடுப்படி வரைக்கும் அந்தச் சண்டை வந்தது.

ஆனால் ஒரு வித்தியாசம். இராசதுரை போனதை எல்லோரும் பார்த்தோம். ஆசனம் மாறியது, சின்னம் மாறியது. திட்டலாம், வாழ்த்தலாம், எதைத் திட்டுகிறோம் என்று தெரியும். அமெரிக்காவில் யாருமே கதிரையை விட்டு எழும்பவில்லை. கதிரைகள் இருந்த இடத்திலேயே இருக்க, மண்டபம் நகர்ந்துவிட்டது.

அங்கே விசுவாசம் குறைந்தவரைத் திட்ட ஒரு சொல் இருக்கிறது, 'ரைனோ'. பெயரளவில் மட்டும் குடியரசுக் கட்சிக்காரன் என்று பொருள் வரும் எழுத்துகளின் சுருக்கம். காண்டாமிருகத்தின் பெயரும் அதுவே என்பதால் கேலிச்சித்திரக்காரர்களுக்குக் கொண்டாட்டம். முன்பு இடதுபக்கம் சாய்ந்தவர்களைத்தான் அப்படிச் சொன்னார்கள். பிறகு செனியைச் சொன்னார்கள். இப்போது அதற்கும் மேலே போய்விட்டது. ஜோர்ஜியாவின் மார்ஜரி டெய்லர் கிரீனை நினைத்துப் பாருங்கள். ட்ரம்புக்காக அவரைவிடச் சத்தம் போட்டவர் சபையிலேயே இல்லை. ட்ரம்புக்குப் பிடிக்காதபோதும், பாலியல் குற்றவாளியான பணக்காரர் எப்ஸ்டீன் பற்றிய ஆவணங்களை வெளியிட வேண்டும் என்பதில் விடாப்பிடியாக நின்றார். 2025 நவம்பரில் ட்ரம்ப் அவருடைய பெயருக்கு நடுவில் 'துரோகி' என்ற சொல்லைச் செருகி எழுதினார். ஒரு வாரத்தில் கிரீன் பதவி விலகப்போவதாக அறிவித்தார்.

துரோகி. இந்தச் சொல்லை அமெரிக்கர்கள் வாயில் கேட்கும்போது எனக்கு வயிறு கலங்கும். நம்முடைய ஊர்களில் அது வெறும் சொல்லாக இருக்கவில்லை. மின்கம்பத்தில் கட்டிச் சுட்டவர்களின் உடலில் தொங்கிய மட்டையில் எழுதியிருந்த சொல். 2004 ஏப்ரல், பெரிய வெள்ளி, வெருகல் கரை. புலிகள் இயக்கம் இரண்டாகப் பிளந்து மோதிய இடம். நேற்று வரை ஒரே சீருடை போட்ட பிள்ளைகள். அதை இதற்கு மேல் நான் கதைக்கவில்லை. இங்கே இருப்பவர்களுக்குக் கதைக்கத் தேவையும் இல்லை.

இனி என்னுடைய மச்சான் கதை. மாமாவின் மகன், தொண்ணூறுகளில் போனவர். அமெரிக்கக் குடியுரிமை எடுத்து, சிறு வியாபாரம் செய்கிறார். வரி குறைய வேண்டும், குடும்பம் ஒழுங்காக இருக்க வேண்டும், சட்டப்படி வரிசையில் வந்தவன் நான் என்ற மூன்றிலும் பிடிவாதக்காரர், மூன்று தடவையும் ட்ரம்புக்கே போட்டவர். அவருடைய மருமகன் சென்னைப் பிள்ளை, எச்-1பி விசாவில் கணினி வேலை. கம்பனிகள் வெளிநாட்டுத் திறமைசாலிகளை வேலைக்கு எடுக்கிற விசா அது, வருடத்துக்கு 85,000 என்று உச்சவரம்பு இருக்கிறது. அதில் பெரும் பங்கு இந்தியர்களுக்கு.

2024 டிசம்பரில், தேர்தலில் வென்று இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ட்ரம்ப் செயற்கை நுண்ணறிவு ஆலோசகராக ஸ்ரீராம் கிருஷ்ணனை நியமித்தார். சென்னையில் பிறந்தவர். உடனே அந்த அணிக்குள்ளேயே வெடித்தது. லோரா லூமர், ஸ்டீவ் பானன் போன்ற ட்ரம்பின் தீவிர ஆதரவாளர்கள் "அமெரிக்காவுக்கு முதலிடம் என்றுதானே வென்றோம், இது என்ன?" என்றார்கள். எலோன் மஸ்க் விசாவுக்காகச் சண்டைக்கு இறங்கினார். பெற்றோர் கேரளத்துத் தமிழரான, ட்ரம்ப் அணி அரசியல்வாதி விவேக் ராமசாமி, அமெரிக்கக் கலாசாரம் கெட்டிக்காரரை மதிப்பதில்லை என்று ஒரு நீண்ட பதிவு போட்டு எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினார். அந்த வார முடிவில் ட்ரம்ப் விசா நல்லது என்றார். ஒன்பது மாதம் கழித்து, 2025 செப்டெம்பரில், புது எச்-1பி விண்ணப்பத்துக்கு 100,000 டொலர் கட்டணம் என்று கையெழுத்திட்டவரும் அவர்தான். மஸ்க் இடையில் கோபித்து, புதுக் கட்சி என்று அறிவித்து, நவம்பரில் வெள்ளை மாளிகை விருந்தில் வந்து உட்கார்ந்தது உங்களுக்குத் தெரிந்த கதை.

எங்கள் குடும்ப வட்சப் குழுவில் அந்த டிசம்பர்க் கடைசி முழுக்கத் தீபாவளி. மச்சானுடைய சிநேகிதர்கள், எட்டு வருடமாக ஒன்றாகத் தேர்தல் வேலை செய்தவர்கள், "உன் மருமகன் எங்கள் பிள்ளைகளின் வேலையைப் பிடித்திருக்கிறான்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்களாம். மச்சான் எங்களுக்கு எழுதினார்: "நான் மாறவே இல்லை." உண்மைதான். மறுகா ஒரு கிழமை குழுவில் ஆளையே காணோம். மருமகன் மட்டும் காலை வணக்கப் படம் போட்டுக்கொண்டிருந்தான்.

2016-இல் மச்சான் எனக்கு ஒரு சிவப்புத் தொப்பி அனுப்பியிருந்தார், முன்னால் வெள்ளை எழுத்தோடு. நான் அதைப் போட்டுக்கொண்டு வவுணதீவு வயலுக்குப் போவேன், வெயிலுக்கு நல்லது. எழுத்து என்ன சொல்கிறது என்று வயலில் யாரும் கேட்டதில்லை. நாளாவட்டத்தில் சாயம் போய், எழுத்து உரிந்து, போன கதிர்க் காலத்தில் அதைத் தூக்கி வெருளியின் தலையில் கவிழ்த்தேன். கிளி வருகிறதுதான். ஆனால் கொஞ்சம் யோசித்துவிட்டு வருகிறது.

போன மாதம் மச்சான் தொலைபேசியில், "அந்தத் தொப்பி இன்னும் இருக்கா?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "கழற்றி எறியட்டா?" என்று கேட்டேன்.

"இப்ப வேணாம் மச்சான்," என்றார். "அறுவடை முடியட்டும், பார்ப்பம்."