பாங்காக்ல ஒரே நாள்ல கோயில் பார்க்கிறவங்களுக்கு: வரிசை மாறினா நாளே போயிடும்

வணக்கம் மக்களே. பாங்காக் கோயில் பிளான்ல நிறைய பேர் பண்ற தப்பு ஒண்ணுதான். வாட் போவை ('வாட்'னா கோயில், இது சயன புத்தர் இருக்கிற கோயில்) முதல்ல பார்த்துட்டு, மரகத புத்தர் கோயில் இருக்கிற அரண்மனையை (கிராண்ட் பேலஸ்) மதியத்துக்கு வெச்சுக்கிறாங்க. அரண்மனையில டிக்கெட் கொடுக்கிறது காலை 8.30-லேருந்து 3.30 வரைக்கும்தான். வாட் போ சாயங்காலம் வரை திறந்திருக்கும். அதனால அரண்மனைதான் முதல்ல, அதுவும் 8.30-க்கே வாசல்ல நிக்கணும். பத்து மணிக்கு மேல டூர் பஸ் கூட்டம் வந்துடும், வெயிலும் ஏறிடும், உள்ளே நிழல் ரொம்பக் கம்மி.

போறதுக்கு ஸ்கை ட்ரெயின்ல சபான் தக்சின் இறங்குங்க. கீழேயே சாத்தோன் படகுத்துறை. ஆரஞ்சுக் கொடி கட்டின படகுதான் உள்ளூர் மக்கள் போறது, விலையும் கம்மி. நீலக் கொடி டூரிஸ்ட் படகு. தா சாங் துறையில இறங்கினா அரண்மனை மதில் பக்கத்துலேயே. மெட்ரோவுல வர்றவங்க சனாம் சாய்ல இறங்கலாம், ஆனா அது வாட் போவுக்குத்தான் பக்கம்; அரண்மனை வாசலுக்கு மதிலைச் சுத்தி நடக்கணும்.

நடக்கும்போது நல்லா டிரெஸ் பண்ணின ஒருத்தர் வந்து, "இன்னைக்கு விசேஷம், மதியம் வரை மூடியிருக்கு, இருபது பாத் கொடுத்தா டுக் டுக்ல வேற கோயில் காட்டுறேன்"னு சொல்லுவார் (பாத்ங்கிறது தாய்லாந்து காசு, டுக் டுக்ங்கிறது அங்கத்த ஆட்டோ). நம்பாதீங்க. அந்த வண்டி கடைசியில நகைக்கல் கடையிலயோ தையல் கடையிலயோதான் நிக்கும். மூடியிருக்கா இல்லையான்னு டிக்கெட் கவுன்டர்ல மட்டும் கேளுங்க.

டிரெஸ் விஷயத்துல ரொம்பக் கண்டிப்பு. முட்டி மறையணும், தோள் மறையணும், கிழிஞ்ச ஜீன்ஸ் கூடாது. ஸ்லீவ்லெஸ் மேல துப்பட்டா போட்டு சமாளிக்கலாம்னு நினைக்காதீங்க, அரண்மனையில அதை ஏத்துக்க மாட்டாங்க. கை வெச்ச சட்டையே போட்டுட்டு வாங்க. புடவைன்னா இடுப்பு தெரியாம முந்தானையை இழுத்து பின் குத்திக்கோங்க.

டிக்கெட் 500 பாத். உள்ளே முதல்ல வர்றது வாட் பிரா கேவ், மரகத புத்தர் கோயில். பேர்தான் மரகதம், சிலை பச்சை ஜேட் வகைக் கல். 66 செ.மீ. உயரம், ரொம்ப மேலே இருக்கிறதால இன்னும் சின்னதா தெரியும். கோடை, மழை, குளிர்னு மூணு பருவத்துக்கு மூணு தங்க உடை, ராஜாவே மாத்துவார். சன்னதிக்குள்ள போட்டோ கூடாது. நம்ம ஊர் மாதிரியே நிலைப்படியை மிதிக்காம தாண்டணும். உட்காரும்போது பாதம் புத்தர் பக்கம் நீளாம, காலை ஒருக்களிச்சு பின்னாடி மடக்கிக்கோங்க.

பெரும்பாலானவங்க இதோட கிளம்பிடுறாங்க. தயவுசெய்து சுத்துப் பிராகாரத்தைப் பார்க்காம வராதீங்க. சுவர் முழுக்க ராமகியென், அதாவது தாய்லாந்து ராமாயணம், 178 ஓவியமா. வடக்கு வாசல்கிட்ட ஜனகர் சீதையைக் கண்டெடுக்கிறதுல ஆரம்பிக்கும், அங்கேருந்து வலமா வாங்க. பச்சை முகம் தோசகான், நம்ம தசகண்டன் ராவணன். வெள்ளைக் குரங்கு அனுமான். கதையோட வரிசை தெரிஞ்ச நமக்கு இது மத்த டூரிஸ்ட்டுக்குக் கிடைக்காத ருசி. ஒரு மணி நேரமாவது இதுக்கு ஒதுக்குங்க.

அடுத்தது வாட் போ, 300 பாத். சயன புத்தர் 46 மீட்டர் நீளம், 15 மீட்டர் உயரம். நடுவுல தூண் மறைக்கிறதால முழு உருவமும் ஒரு போட்டோவுல வராது. கால் பக்கம் போய் எடுங்க. பாதத்துல முத்துச்சிப்பி பதிச்ச 108 மங்கலச் சின்னங்கள் இருக்கு. முதுகுப் பக்கம் 108 கிண்ணம் வரிசையா இருக்கும். அங்கேயே 20 பாத் கொடுத்தா சில்லறைக் காசு தருவாங்க, ஒவ்வொரு கிண்ணத்துலயும் ஒண்ணு போட்டுக்கிட்டே வரலாம். வெளியே தோட்டத்துல உடம்பை வளைச்சு நிக்கிற சாமியார் சிலைகள் இருக்கு. அவங்களை 'ரூசி'ன்னு சொல்றாங்க, ரிஷிதான் அது. தாய் மசாஜ் வேணும்னா நுழைஞ்சதும் பேர் கொடுத்து நேரம் வாங்கிட்டு, அப்புறம் சுத்துங்க.

வாட் அருண் எதிர்க்கரையில. தா தியென் துறையிலேருந்து சின்னப் படகுல சில நிமிஷம்தான். கோபுரம் முழுக்க சீனப் பீங்கான் துண்டு. படி ரொம்பச் செங்குத்து, ஏறுறதைவிட இறங்குறதுதான் கஷ்டம், கைப்பிடியை விடாதீங்க. நேரம் இடிச்சா தா தியென் கரையிலேருந்தே சூரியன் மறையும்போது பார்த்துக்கலாம்.

மிச்சமாகிற நேரத்தை வாட் சுதாத்துக்குக் கொடுங்க. கூட்டமே இருக்காது, உள்ளே பழைய தலைநகரம் சுகோதாய்லேருந்து கொண்டுவந்த பெரிய வெண்கல புத்தர். வாசல்ல சிவப்பா உயர்ந்து நிக்கிறது ராட்சத ஊஞ்சல். அரசவை பிராமணர்கள் நடத்தின அந்த ஊஞ்சல் விழா 1935-ல நின்னுபோச்சு. விழாவோட பேரு 'திரியம்பவாய் திரிபவாய்'. திருவெம்பாவையும் திருப்பாவையும்தான்! ஊஞ்சல் ஆட்டம் நின்னாலும், பக்கத்துல இருக்கிற தேவஸ்தான்ங்கிற பிராமணர் கோயில்ல சடங்கு இன்னும் நடக்குது. தமிழ் நாட்டுலேருந்து போன பாட்டு, உச்சரிப்பு மாறி, கேட்டா நமக்கே புரியாத அளவுக்கு ஆகியிருக்கு. தேவஸ்தான் எப்பவும் திறந்திருக்காது, திறந்திருந்தா அமைதியா உள்ளே போயிட்டு வாங்க. அங்கேருந்து சாம் யோட் மெட்ரோ நடக்கிற தூரம்தான், திரும்பி வர படகுத்துறைக்குப் போக வேண்டியதில்லை.