துலிப் வயலும் ட்ரூஸ் அம்மா வீடும்: அத்தையோடு ஒரு நாள்

வணக்கம் மக்களே! போன வீடியோவில் அத்தை ஊரிலிருந்து வந்து இறங்கி, வடகப் பையைப் பிரித்ததைப் பார்த்தீர்கள். நேற்று அவரையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, இங்கே நெதர்லாந்தில் காலையில் லிஸ்ஸே ஊர்ப் பக்கம் துலிப் வயல், மதியம் உட்ரெக்ட் நகரத்தில் ஒரு பழைய வீடு என்று சுற்றிவிட்டு வந்தோம்.

முதலில் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். வயல் ஓரத்தில் கயிறு கட்டி, உள்ளே வராதீர்கள் என்று பலகையும் வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டிப் போய்ப் பூவுக்கு நடுவில் படுத்துப் போட்டோ எடுக்கிறார்கள்! செடி நசுங்குவது ஒரு பக்கம், செருப்பில் ஒட்டிய மண்ணோடு நோயும் வயல் விட்டு வயல் போகும். ‘நீங்களும் உள்ளே போய் எடுத்திருக்கலாமே’ என்று போன வருஷம் கேட்டிருந்தீர்கள். போக மாட்டேன். அது ஒருத்தர் பாடுபட்டு வளர்த்த வெள்ளாமை.

கியூகென்ஹாஃப் தோட்டத்துக்குள் இந்தத் தடவை போகவில்லை. வருஷத்துக்கு 70 லட்சம் கிழங்கு நடுகிற இடம், அழகுதான். ஆனால் எனக்கு வயல்தான் பிடிக்கும். சிவப்பு ஒரு பட்டை, மஞ்சள் ஒரு பட்டை என்று கண்ணுக்கு எட்டிய வரை போகும்.

அங்கேதான் அத்தை அதிர்ந்துபோனார். ஒரு இயந்திரம் வரிசையாக வந்து, நன்றாக மலர்ந்த பூக்களின் தலையை மட்டும் சீவிக்கொண்டே போனது. அத்தை நிலக்கோட்டைக்காரர். விடியுமுன்னே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு மல்லிகை மொட்டுப் பறித்தவர். “ஏம்மா, பூவை இப்படி மண்ணுல கொட்டுறாங்க?” என்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

அவர்தான் (வீட்டுக்காரரைச் சொல்கிறேன்) விளக்கினார். இந்த வயல்களில் விற்பனைக்கு வளர்ப்பது பூ இல்லை, கிழங்கு. கொஞ்ச நாள் பூக்க விட்டு, நிறம் சரியா, நோய் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார்கள். அப்புறம் பூவை வெட்டிவிட்டால், இலை சேர்க்கிற சத்தெல்லாம் கிழங்குக்குப் போய்விடும். கோடையில் தோண்டி எடுப்பார்கள். அத்தை ஒரு நிமிஷம் யோசித்தார். “சின்ன வெங்காயத்துல பூத்தண்டு வந்தா கிள்ளி விடுவோமே, அது மாதிரியா?” அதேதான்! எத்தனையோ பேருக்கு நான் சுற்றி வளைத்துச் சொன்னதை ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

சரி, இப்போது காசு விஷயம். சாலையோரத்தில் ஆளில்லாத பூக்கடை ஒன்று. ஒரு கட்டு 3 யூரோ, பெட்டியில் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். கியூஆர் அட்டை மழையில் ஊறி, எத்தனை தடவை காட்டினாலும் போன் படிக்கவில்லை. எங்களிடம் சில்லறையே கிடையாது, இங்கே எல்லாமே கார்டுதானே! கார் சீட்டுக்கு அடியில் தேடினோம், டேஷ்போர்டைக் கவிழ்த்தோம், சின்னவளின் பென்சில் பாக்ஸைக்கூட விடவில்லை. இருபது நிமிஷம்! கடைசியில் அத்தை இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தார். சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டிக்காகக் கொடுத்த காசைப் பத்திரமாக முடிந்து வைத்திருக்கிறார். ஒரு 2 யூரோ, இரண்டு 50 சென்ட். சரியாக 3 யூரோ! அந்தக் காசு பெட்டியில் விழுந்த சத்தத்துக்குப் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

ஆனால் அதனால் உட்ரெக்டுக்குப் பதைபதைத்துக்கொண்டு போக வேண்டியதாகிவிட்டது. அங்கே பார்க்கப் போன வீட்டுக்குள் சின்னச் சின்னக் குழுவாகத்தான் விடுவார்கள், நேரம் முன்கூட்டியே பதிவு செய்திருந்தோம்.

ரீட்வெல்ட் ஷ்ரோடர் வீடு. 1924இல் கட்டியது, 2000இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. செங்கல் வீடுகளின் வரிசைக்குக் கடைசியில் ஒட்டிக்கொண்டு, வெள்ளை, சாம்பல் பலகைகளை அடுக்கியது போல் நிற்கிறது. நடுநடுவே சிவப்பு, நீலம், மஞ்சள் கம்பிகள். எல்லோரும் அதைக் கட்டிய கட்டடக் கலைஞர் ரீட்வெல்ட் பெயரைத்தான் முதலில் சொல்கிறார்கள். எனக்கு அது ட்ரூஸ் ஷ்ரோடர் அம்மாவின் வீடு. கணவர் இறந்த பிறகு, மூன்று பிள்ளைகளோடு வாழ அவர் கேட்டுக் கட்டிய வீடு. வடிவமைத்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு. 1985இல் இறக்கும் வரை அங்கேதான் இருந்தார்.

மாடியில் சுவர்கள் நகர்கின்றன! பகலில் ஒரே கூடம். இழுத்து மூடினால் தனித்தனி அறைகள். அந்தக் காலத்துக் கட்டட விதிக்கு இது ஒத்துவராது என்பதால், வரைபடத்தில் மாடியைப் பரண் என்று காட்டித்தான் அனுமதி வாங்கினார்கள். மூலை ஜன்னலைத் திறந்தால் நடுவில் தூணே இல்லை, அந்த மூலையே காணாமல் போய்விடுகிறது. பெரியவன் இன்னொரு தடவை காட்டச் சொன்னான்.

ஒன்று விட்டுவிட்டேன், கீழே வாசலில் பேசுகுழாய் இருக்கிறது. மணியடித்துப் பதில் இல்லை என்றால் அதில் பேச வேண்டும். சமையலறையிலிருந்து மாடிக்குச் சாப்பாடு அனுப்பக் குட்டி லிஃப்ட் வேறு. “வீட்டுல வேலை செஞ்சு பார்த்தவ யோசிச்ச வீடு இது” என்று அத்தை சொன்னதும், எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது.

பிடிக்காதது ஒன்றே ஒன்று, பக்கத்திலேயே போகும் பெரிய சாலை. அந்த ஜன்னல்கள் வயல்வெளியைப் பார்க்க வைத்தவை. இப்போது திறந்தால் வண்டிச் சத்தம்.

அந்த 3 யூரோ துலிப்பை அத்தை சொம்பில் தண்ணீர் விட்டு சாமி படத்துக்குக் கீழே வைத்திருக்கிறார். துலிப் வெட்டின பிறகும் வளரும். இதோ பாருங்கள், நேற்று படத்தைப் பார்த்து நின்றது, ஒரு விரற்கடை நீண்டு ஜன்னல் பக்கம் சாய்ந்திருக்கிறது. அத்தை இரண்டு தடவை திருப்பி வைத்துவிட்டார்.