மூட்டையோடு போகும் வேலை

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் பக்கம் நிலக்கடலைதான் பிழைப்பு. ஆடியில் விதைத்ததை ஐப்பசியில் பிடுங்கி, ஆய்ந்து, காயவைத்து மூட்டையாக வண்டியேற்றி விடுவோம். அதே வாரம் அதே வீட்டிலிருந்து கடைக்குப் போய் பாக்கெட் எண்ணெய் வாங்குவார்கள். மாட்டுக்குப் புண்ணாக்கும் கடையில்தான். கடலைக்குள் இருந்ததே அந்த இரண்டும்தானே! உடைக்கிற கூலி, ஆட்டுகிற கூலி எல்லாம் மூட்டையோடு ஊரைவிட்டுப் போய்விடுகிறது.

தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா இதைத்தான் வாழ்நாள் முழுக்கச் சொன்னார். லண்டனில் படித்த கணக்குத் தணிக்கையாளர் அவர். காந்தி கேட்டுக்கொண்டதால் குஜராத்தின் மாத்தர் தாலுக்காவுக்குப் போய் கிராமத்து மக்களின் வரவு செலவை ஆராய்ந்தார். 1934-இல் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தை வார்தாவிலிருந்து நடத்தினார். கடைசிக் காலத்தில் நம் மதுரைப் பக்கத்துத் தே.கல்லுப்பட்டியில், காந்தி நிகேதன் ஆசிரமத்தில் வந்து தங்கினார். ஊர்ப் பொருளாதாரத்தைக் கணக்கு நோட்டிலிருந்து தொடங்கினாரே, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். மகளிர் குழுவில் உட்கார்ந்து, மாதம் என்னென்ன காசு கொடுத்து வாங்குகிறோம் என்று எழுதினோம். உப்பு, மாத்திரை, செல்போன் இதெல்லாம் நம்மால் ஆகாது, சரி. எண்ணெய், புண்ணாக்கு, அரிசி, மிளகாய்த்தூள், சோப்பு? எழுதியதைப் படித்தபோது கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

முதலில் செக்கு. மோட்டாரில் ஓடுவதுதான், ஆனால் உரலும் உலக்கையும் வாகை மரம். கடலைப் பருப்பு அரைபடும்போது பதம் பார்த்துத் தண்ணீர் தெளிக்க வேண்டும். கூடினாலும் கெட்டது, குறைந்தாலும் கெட்டது. அந்தக் கைப்பக்குவம் வர எங்களுக்கு ஒரு மாதம் ஆனது. ஆட்டிய எண்ணெயை இரண்டு மூன்று நாள் வெயிலில் வைத்தால் கசடு அடியில் தங்கி, மேலே பொன்னாகத் தெளியும்.

விலை பாக்கெட்டைவிடக் கூடத்தான். அதை மறைக்க மாட்டேன். மலிவு பாக்கெட் பெரும்பாலும் பாமாயில், இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் இருந்து கப்பலில் வருவது. அந்த விலைக்கு நம்மால் இறங்க முடியாது. அதனால் காசு வாங்குவதோடு, கடலை கொண்டுவந்தால் ஆட்டியும் கொடுக்கிறோம். கூலிக்குப் பதில் புண்ணாக்கில் ஒரு பங்கை விட்டுப் போகிறவர்களும் உண்டு. அந்தப் புண்ணாக்கு ஊர் மாட்டுக்கே போகிறது.

அடுத்தது அரிசி. பக்கத்து ஊரில் நெல் இருக்கிறது, எங்களிடம் எண்ணெய் இருக்கிறது. தை அறுப்பு முடிந்ததும் பேசலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

வணக்கம்.