பனிமலை போய்க் கட்டில் வந்த கதை

நாடக நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு நாற்காலி, பின்னால் கறுப்புத் திரை, மேலே ஒற்றை விளக்கு. இதைக் கண்டவுடனே 'எளிய அரங்கு' என்று சொல்லிக் கைதட்டப் பழகிவிட்டோம். பல சமயம் அந்த எளிமைக்குக் காரணம் கையில் காசில்லாததுதான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இல்லாமையைக் கொள்கை என்று சொல்லிக்கொள்ளும்போதுதான் எனக்கு உறுத்துகிறது. மேடையிலிருந்து எதை எடுத்தோம் என்பதோடு, எடுத்த இடத்தில் என்ன முளைத்தது என்றும் கேட்க வேண்டாமா? அப்படிக் கேட்கத்தான் போலந்து நாடகம் ஒன்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

போலந்துக் கவிஞர் யூலியுஷ் ஸ்வோவாட்ஸ்கி 1834இல் 'கோர்டியன்' நாடகத்தைப் பாரிஸில் வெளியிட்டபோது இருபதுகளில் இருந்த இளைஞர். புத்தகத்தில் பெயரைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. ரஷ்யப் பேரரசுக்கு எதிராக 1830இல் வெடித்த வார்சா கிளர்ச்சி மறு ஆண்டே நசுக்கப்பட்டது. போலந்தின் கவிஞர்களில் பலர் பாரிஸில் அகதிகளாக இருந்தார்கள். அந்தத் தோல்வியின் வயிற்றில் பிறந்த நாடகம் இது. கதை இது: 1829இல் ரஷ்யாவின் சார் மன்னன் முதலாம் நிக்கோலஸ் வார்சாவில் போலந்து மன்னராக முடிசூடிக்கொள்கிறான். அவனைக் கொல்ல இளைஞன் கோர்டியன் துணிகிறான்.

இந்த நாடகத்தின் மேடைக் குறிப்புகளைப் படித்தால் எந்த அரங்க நிர்வாகிக்கும் தலை சுற்றும். பேய்கள் கூடிக் கொப்பரையில் தலைவர்களைச் சமைக்கின்றன. போப்பாண்டவர் வருகிறார், கூடவே ஒரு கிளியும் வருகிறது. ஆல்ப்ஸ் மலையின் மோன் பிளாங்க் உச்சியில் நிற்கும் கோர்டியனை ஒரு மேகம் தூக்கிக்கொண்டுபோய்ப் போலந்தில் இறக்குகிறது! முதன்முதலில் இது மேடையேற 1899 வரை, 65 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தச் சிகரத்தில்தான் கோர்டியனின் புகழ்பெற்ற தனிமொழி வருகிறது. 1386இல் செம்பாக் போரில் எதிரிகளின் ஈட்டிகளைச் சேர்த்தணைத்துத் தன் மார்பில் வாங்கி, பின்னால் வந்தவர்களுக்கு வழி திறந்தான் என்று சுவிஸ் மக்கள் கொண்டாடும் வீரன் விங்கெல்ரீட். போலந்துதான் உலக நாடுகளின் விங்கெல்ரீட் என்று கோர்டியன் முழங்குகிறான். ஆனால் சார் மன்னனின் படுக்கையறை வாசலை எட்டியதும் கற்பனையும் அச்சமும் உருவெடுத்து வழிமறிக்க, மயங்கி விழுகிறான். அடுத்து அவனை மனநல விடுதியில் பார்க்கிறோம். அங்கே இரண்டு நோயாளிகள். ஒருவன் தன்னைச் சிலுவை மரம் என்று நம்புகிறான். மற்றவன் வானம் விழுந்துவிடாமல் கையால் தாங்கிக்கொண்டிருக்கிறான். நாட்டுக்காகச் சாகத் துணிந்த உனக்கும் இவர்களுக்கும் என்னப்பா வித்தியாசம் என்று குத்துகிறான் அங்கே வரும் மருத்துவன்.

1962 பிப்ரவரியில், போலந்தின் ஓபோலே என்ற சிறிய நகரத்தில், 'பதின்மூன்று வரிசை அரங்கு' என்ற சின்னஞ்சிறு கூடத்தில் இயக்குநர் ஜெர்ஸி குரோட்டோவ்ஸ்கி இதைக் கையிலெடுத்தார். மூலத்தில் ஒரே ஒரு காட்சியாக இருந்த அந்த விடுதிக்குள் முழு நாடகத்தையும் கொண்டுபோய் வைத்தார். அரங்கை வடிவமைத்த கட்டடக் கலைஞர் குராவ்ஸ்கி, கூடம் முழுக்க அடுக்கு இரும்புக் கட்டில்களைப் போட்டார். தனியாக மேடை கிடையாது. நடிகர்கள் கட்டில்களின்மேல் நடித்தார்கள். பார்வையாளர்களும் அதே கட்டில்களில் உட்கார்ந்தார்கள். டிக்கெட் வாங்கி வந்தவரும் நோயாளிதான்.

இப்போது அந்தத் தனிமொழிக்கு வருகிறேன். சிகரம், மேகம், பனி எல்லாம் போய்விட்டன. கோர்டியன் கட்டிலில் கிடக்கிறான். நாட்டுக்காக என் குருதியைத் தருகிறேன் என்று அவன் பொங்கும்போது, மருத்துவன் பக்கத்தில் வந்து அவன் கையிலிருந்து இரத்தம் எடுக்கிறான். கோர்டியன் காலத்தில் சித்தப்பிரமைக்குச் செய்த வைத்தியம் அது. கவிதையில் பெருக்கெடுத்த குருதி கிண்ணத்தில் சொட்டுகிறது. இது கேலியா? ஆமாம், கேலிதான். ஆனால் மலையுச்சியில் வெறும் உவமையாக இருந்த இரத்தம், கட்டிலில் ஓர் உடம்பின் இரத்தமாகிவிட்டது. கேலி செய்த கையே அவனை உயர்த்தவும் செய்கிறது. ஆயிரம் ரூபாய்க்கு வரைந்த பனிமலைத் திரைச்சீலை ஒன்று பின்னால் தொங்கியிருந்தால் நம் கண் அங்கேதான் போயிருக்கும்; நரம்பைத் தேடும் அந்த விரல்களைப் பார்த்திருக்க மாட்டோம்.

எனக்கு ஒப்புதல் இல்லாத இடமும் உண்டு. மருத்துவன் எல்லோரையும் பாடச் சொல்கிறான். பாடாத பார்வையாளரிடம் பிரம்பை நீட்டி மிரட்டுகிறான். சர்வாதிகாரத்தைக் காட்டுவதற்காக நாடகக்காரரே சிறு சர்வாதிகாரி ஆகலாமா? அன்றைய போலந்து மாஸ்கோவின் நிழலில் இருந்த நாடு. உத்தரவுக்குப் பாடுவது அவர்களுக்குப் புதிதல்ல. இதையெல்லாம் யோசித்தும் எனக்குச் சமாதானம் ஆகவில்லை.

நான் அங்கே இருந்திருந்தால்? எழுந்து மறுத்திருப்பேன் என்று இந்த ஒலிவாங்கி முன்னால் சொல்வது சுலபம். பிரம்பு பக்கத்தில் வந்திருந்தால் பாடியிருப்பேன். மேல்தட்டுக் கட்டிலில் இடம் கிடைத்திருந்தால், வாயை மட்டும் அசைத்திருப்பேன்.