கோலா? கையா?

நடுவர் ஐயா, காரைக்குடிப் பெருமக்களே, வணக்கம். மரியாதை இத்தோடு முடிந்தது.

பூல் என்பது பில்லியர்ட்ஸ் வகை மேசை ஆட்டம்; கோலால் வெள்ளைப் பந்தைக் குத்தி, அது மற்றப் பந்துகளைக் குழியில் தள்ளணும். அந்த வெள்ளைப் பந்தை ஆட்டி வைக்கும் வித்தை காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறதே, அதற்குக் காரணம் கருவியா, கையா? நான் கை. எனக்கு முன்னால் பேசிய தங்கச்சி கருவி. கோலுக்குத் தோல் முனை வந்தது, முனையில் தேய்க்கிற சாக் வந்தது, புதுவிதக் கியூ, அதாவது கோல், வந்தது என்று அடுக்கிவிட்டு, போகிற போக்கில், "அண்ணன் வாழ்க்கையில் பிடித்த ஒரே கோல் ஒட்டடைக்கோல்" என்று ஒரு குத்து. நீங்களும் சிரித்தீர்கள். முன்வரிசையில் என் வீட்டுக்காரியும் சிரித்தாள். அதற்கு வருகிறேன், விடமாட்டேன்.

முதலில் தோல் முனை. பிரான்சில் மிங்கோ என்று ஒரு ராணுவ கேப்டன். ஆள் ஜெயிலில் இருக்கிறார். அங்கே ஒரு பில்லியர்ட்ஸ் மேசை. (எந்த ஊர் ஜெயில் என்று கேட்காதீர்கள், நாலு பேர் கிளம்பிவிடுவீர்கள்.) அதுவரை கோலின் முனை வெறும் மரம். பந்தின் ஓரத்தில் குத்தினால் வழுக்கும். அதனால் எல்லாரும் நட்டநடுவில்தான் குத்தினார்கள். இவர் முனையில் தோலை ஒட்டினார். பந்தின் அடிவயிற்றில் ஒரு குத்து. வெள்ளைப் பந்து போனது, அடுத்த பந்தை முட்டியது, ஒரு கணம் யோசித்தது, திரும்பி அவரிடமே வந்துவிட்டது!

தண்டனை முடிந்தது, கிளம்பலாம் என்றார்களாம். "இன்னும் கொஞ்ச நாள் இருந்துக்கிறேனே" என்றாராம் மனுஷன். கதையாகவே இருக்கட்டும். ஜெயிலர் தலையில் அடித்துக்கொள்கிறார். வாசலில் சம்சாரம் மூட்டை முடிச்சோடு நிற்கிறது. "ஏங்க, வரலையா?" "இரு, இந்த அடி இன்னும் படியலை!" தோல் ஒட்டியாகிவிட்டது, கருவி தயார். பிறகு எதற்கு ஐயா உள்ளே இருக்கணும்? எது படியவில்லை? கை! அப்படிப் பழகிய அடிகளைத்தான் 1827-இல் புத்தகமாகவே போட்டார்.

அடுத்து சாக். இங்கிலாந்தில் ஜாக் கார் என்று ஒருவர், பந்தைத் திருப்பும் பொடி என்று சொல்லி டப்பாவில் அடைத்து விற்றார். உள்ளே இருந்தது சாக்பீஸ் தூள். வாங்கியவர்கள் எல்லாரும் ஜாக் கார் ஆகிவிட்டார்களா?

புதுக் கியூவுக்கு வருவோம். பந்தின் இடப்பக்கம் குத்தினால் அது கொஞ்சம் வலப்பக்கம் விலகி ஓடும். கியூவின் முன்பகுதி எடையைக் குறைத்தால் அந்த விலகல் குறையும். உண்மைதான். ஆனால் அதெல்லாம் வருவதற்கு முன்னாலேயே, 1954-இல் அமெரிக்க ஆட்டக்காரர் வில்லி மொஸ்கோனி ஒரே ஆட்டத்தில் தவறாமல் 526 பந்தைக் குழியில் போட்டாரே, விலகலைக் கணக்குப் போட்டது யார்? பிலிப்பைன்ஸின் எஃப்ரன் ரேயஸ், எட்டாத மேசைக்குக் குளிர்பானப் பெட்டி மேல் ஏறி நின்று பழகியவர். 1999-இல் நைன்பால் என்கிற ஒன்பது பந்து பூல் ஆட்டத்தில் உலக சாம்பியன். மேசையில் விரித்த முரட்டுத் துணியில் நீளமாக வீசி அடித்த கை, வேகமான துணி வந்ததும் அடியைச் சுருக்கிக்கொண்டது. துணி மாறினால் கை மாறிக்கொள்ளும். கை மாறினால் துணி மாறுமா? (தங்கச்சி ஏதோ சொல்ல வருது. உட்காரும்மா.)

இது கம்பனுக்கு விழா எடுக்கிற ஊர். ராமன் வில்லால் அடித்த மண்ணுருண்டை கூனியின் கூனில் பட்டது. அவள் வில்லையா மனசில் வைத்துக்கொண்டாள்? ராமனைத்தானே!

இப்போது ஒட்டடைக்கோல். நம்ம ஊர் வளவு வீடு உங்களுக்குத் தெரியும். மேலே பர்மாத் தேக்கு, சுவரில் பெல்ஜியம் கண்ணாடி, அதற்கும் மேலே ஒட்டடை. என் அப்பத்தாள் நாலரை அடி. கோல் பன்னிரண்டு அடி. கோலை விரலில் ஒரு சுழற்று சுழற்றினால் ஒட்டடை மட்டும் பஞ்சு மிட்டாய் மாதிரி சுருண்டு வரும். கண்ணாடியில் ஒரு கீறல் விழாது. அந்த வீட்டுக்கு வந்த மருமகள்கள் எல்லாரும் அதே கோலைப் பிடித்துப் பார்த்தார்கள். ஒரு சரவிளக்குதான் மிச்சம்!

இன்றைக்கு அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது. முன்னோருக்குப் படையல் வைக்கிற படைப்புக்கு வருஷம் ஒருதரம் திறக்கிறோம். போன தடவை தம்பி சிங்கப்பூரிலிருந்து ஒரு மெஷின் கொண்டுவந்தான். பத்தே நிமிஷம், வீடே பளிச். ஒத்துக்கிறேன் தங்கச்சி, நல்ல கருவி. ஆனா ஒட்டடை அடிச்சுக்கிட்டே, கழுத்தைத் திருப்பாமல், "ஏன்டா ராசா, சாப்பிட்டியா?" என்று கேட்கிற மெஷின் எந்த ஊரில் விற்கிறது? அடித்து முடித்த கையைச் சேலையில் துடைத்துவிட்டு, அதே கையால் என் தலையைக் கோதிவிட்ட பிறகுதானே கிழவி காபித் தண்ணி குடிக்கும்? நானும் தம்பியும் அந்தக் கோலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வந்தோம். வெறும் கோல்.

மணி அடிச்சுட்டீங்க, சரி. தங்கச்சி, உங்க அப்பத்தாளை மனசில் நினைச்சுக்கிட்டுச் சொல்லுங்க, கருவியா, கையா? நடுவர் ஐயா, அங்கே பாருங்க, தங்கச்சி கண்ணைத் துடைக்குது. தீர்ப்பை எழுதிக்குங்க!