கப்பல்களையும் அனுப்பிவிட்டார்கள்: ஒரு விண்வெளித் தொடரின் முடிவும் வன்னியில் சில பார்வையாளர்களும்

[திரை இருட்டு. குரல் மட்டும்.]

2009 மார்ச் 20, வெள்ளிக்கிழமை இரவு. அமெரிக்கத் தொலைக்காட்சியில் பாட்டில்ஸ்டார் கலாக்டிகா என்ற விண்வெளித் தொடரின் கடைசி அத்தியாயம் ஓடுகிறது. முடிந்த கையோடு ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை பிடிக்கத் தொடங்கினார்கள். அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

அந்த நாளில் நாங்கள் இறுதிப் போருக்கு நடுவே, முல்லைத்தீவுக் கரையோரத்து மாத்தளனில் ஒரு பங்கருக்குள் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. ஆகவே சண்டையில் சேர்ந்துகொள்ள எனக்குச் சற்றுத் தாமதமாகிவிட்டது.

[திரையில்: பரந்தன் சந்தி, மாலை நேரம்.]

சென்ற மாதம்தான் தொடரை முழுதாகப் பார்த்து முடித்தோம். நண்பனின் வீட்டு விறாந்தையில் அவனுடைய அப்பாவின் வேட்டியைக் கட்டி, புரொஜெக்டர் வைத்து, ஆறு பேர். கடைசி அத்தியாயத்துக்கு என் மாமாவும் வந்தார். முடிவைச் சொல்லப் போகிறேன். தொடரைப் பார்க்கும் எண்ணம் உள்ளவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

கதை இதுதான். மனிதர்கள் 12 கோள்களில் வாழ்கிறார்கள். அவர்களே செய்த இயந்திரங்களான சைலோன்கள் ஒரே நாளில் எல்லாக் கோள்களையும் குண்டு போட்டு அழித்துவிடுகின்றன. தப்பியவர்கள் ஏறத்தாழ 50,000 பேர். பழைய போர்க்கப்பல் ஒன்றின் காவலில், கிடைத்த கப்பல்களில் ஏறி ஓடுகிறார்கள். சனாதிபதி லோரா ரொஸ்லினின் கப்பலில் ஒரு வெள்ளைப் பலகை தொங்கும். இன்றைக்கு எத்தனை பேர் மிச்சம் என்று அதில் எழுதுவார். செத்தால் கழிப்பார், குழந்தை பிறந்தால் ஒன்றைக் கூட்டுவார்.

மாமா அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை, சரியாக எண்ணுகிறார்கள்" என்றார். நாங்கள் சிரித்தோம். எங்களை எண்ணிய கதை அப்படி. போர்ப் பகுதிக்கு உள்ளே இருப்பவர்கள் 70,000 பேர் என்று அரச தரப்பு சொன்ன காலம் உண்டு. பிறகு முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் மட்டும் 2 இலட்சத்து 80 ஆயிரத்துக்கு மேல்.

[திரையில்: ஐக்கிய நாடுகள் தலைமையகக் கட்டடம்.]

இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை. அதைச் சொல்லத்தான் இந்த வீடியோவையே செய்தேன் என்றும் வைத்துக்கொள்ளலாம். கடைசி அத்தியாயத்துக்கு மூன்று நாள் முன்னர், மார்ச் 17 அன்று, நியூயோர்க்கில் ஐக்கிய நாடுகள் சபை இந்தத் தொடருக்காக ஒரு கலந்துரையாடலை நடத்தியது. பேசியவை மனித உரிமை, ஆயுத மோதல்களில் சிறுவர்கள், பயங்கரவாதம், நல்லிணக்கம். தொடரை உருவாக்கிய ரொனால்ட் மூர் வந்தார். அட்மிரலாக நடித்த எட்வர்ட் ஜேம்ஸ் ஒல்மோஸும் ரொஸ்லினாக நடித்த மேரி மக்டொனலும் வந்தார்கள். நடத்தியவர் வூப்பி கோல்ட்பேர்க். மனிதர்களைப் பிரிக்க 'இனம்' என்ற சொல்லைப் பயன்படுத்துவதே பிழை என்று ஒல்மோஸ் குரலை உயர்த்திப் பேசினார். ஐ.நா. தரப்பில் அமர்ந்திருந்தவர்களில் ஒருவர் ராதிகா குமாரசுவாமி. அப்போது ஆயுத மோதல்களில் சிறுவர்கள் தொடர்பான செயலாளர் நாயகத்தின் விசேட பிரதிநிதி. இலங்கைத் தமிழர்.

ஆயுத மோதலில் அகப்பட்ட சிறுவர்களில் ஒருவனாகிய நான் அந்த நேரம் கஞ்சிக்கு வரிசையில் நின்றிருப்பேன். நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. திகதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், அவ்வளவுதான்.

[திரையில்: நீலக் கோளின் படம்.]

சரி, முடிவுக்கு வருவோம். கடைசிச் சண்டைக்குப் பிறகு கப்பல் தொகுதி ஒரு நீலக் கோளை அடைகிறது. அது நம்முடைய பூமி. காலம் மட்டும் 150,000 ஆண்டுகளுக்கு முந்தியது. இதுவரை நடந்தவற்றுக்குப் பின்னால் ஒரு தெய்வ சக்தி இருந்ததாகத் தொடர் சொல்லிவிடுகிறது. அமெரிக்க ரசிகர்களில் பாதிப் பேர் கொதித்தது இதற்குத்தான். விஞ்ஞானக் கதை என்று சொல்லி நான்கு பருவம் உட்கார வைத்துவிட்டுக் கடைசியில் கடவுளைக் கொண்டு வருவதா?

வற்றாப்பளை அம்மனுக்குக் கடல்நீரில் விளக்கெரியும் என்று கேட்டு வளர்ந்த எங்களுக்கு இதில் பெரிய அதிர்ச்சி இல்லை. எங்களில் ஒருவர் மட்டும், பௌதிகவியல் ரியூசன் ஆசிரியர், கடைசி வரை சமாதானம் அடையவில்லை. "செய்கை எழுதாமல் விடையை மட்டும் எழுதினால் நான் புள்ளி போடமாட்டேன்" என்றார். மறுத்துப் பேச யாரிடமும் ஒன்றுமில்லை. அதன்பின் கதை இன்றைய நியூயோர்க்குக்குத் தாவுவதும், ரொனால்ட் மூரே தெருவில் சஞ்சிகை வாசித்தபடி தலைகாட்டுவதும் எனக்கு வேண்டாத வேலையாகத்தான் பட்டன.

எங்கள் விறாந்தையில் சண்டை மூண்டது வேறோர் இடத்தில். பூமியில் இறங்கியவர்கள் நகரம் கட்டுவதில்லை என்று முடிவெடுக்கிறார்கள். தொழில்நுட்பம் வேண்டாம், புதிதாகத் தொடங்குவோம் என்று சிறு சிறு கூட்டங்களாகப் பிரிந்து போகிறார்கள். கப்பல்கள் எல்லாம் சூரியனுக்குள் அனுப்பப்படுகின்றன. 40,000 பேருக்கும் குறைவானவர்கள். மறுத்து ஒரு குரல் பெரிதாக எழவில்லை.

மாமா எழுந்தே விட்டார். "மருந்து, தண்ணீர்த் தாங்கி, எல்லாவற்றையுமா? ஒரு கிழவிகூடவா தரமாட்டேன் என்று சொல்லவில்லை?"

அவருடைய கோபம் விளங்கக்கூடியது. 2008 கடைசியில் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டபோது அவர் வீட்டுக் கூரைத் தகரத்தையும் கதவு நிலைகளையும் கழற்றி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றியவர். கிணற்று மோட்டர், தையல் மெசின், ஆடு. தருமபுரத்தில் நிலைகளை விட்டார். உடையார்கட்டில் தகரம் போனது. புதுக்குடியிருப்பு தாண்டியபின் உழவு இயந்திரமே இல்லை. மாத்தளனுக்கு வந்து சேர்ந்தது ஒரு தறப்பாள், இரண்டு பானை, காணி உறுதி. ஓடுகிற சனம் எதையும் தானாக விடாது, பறிக்கப்பட்டால்தான் விடும் என்பது அவருடைய வாதம்.

நண்பனின் அம்மா தேநீர்த் தட்டோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், ஒத்துக்கொள்ளவில்லை. முகாமிலிருந்து மீண்டு வந்த முதல் வாரம் தனக்கு ஒரு பொருளையும் பார்க்கப் பிடிக்கவில்லை என்றார். நிவாரணமாகக் கொடுத்த மண்வெட்டியைக்கூடத் தொடாமல் வைத்திருந்தாராம். "அந்தச் சனத்துக்கு அலுத்துவிட்டது. எனக்கு விளங்குகிறது." நான் இன்றும் மாமாவின் பக்கம்தான். ஆனால் அந்தக் காட்சியை இனிமேல் வெறும் திரைக்கதைப் பிழை என்று சொல்லமாட்டேன்.

[திரையில்: புல்வெளி, காற்று.]

கடைசியாகக் காரா த்ரேஸ். ஸ்டார்பக் என்று அழைக்கப்படும் விமானி. மூன்றாம் பருவத்தில் இறந்துபோகிறாள். அந்தப் பருவம் முடியும்போது திரும்பி வருகிறாள். நான்காம் பருவத்தில் தன்னுடைய சடலத்தையே கண்டெடுத்து எரிக்கிறாள். அப்படியானால் இவள் யார்? கடைசி அத்தியாயத்தில் புல்வெளியில் அட்மிரலின் மகன் லீ அடாமாவோடு பேசிக்கொண்டிருக்கிறாள். அவன் முகத்தைத் திருப்புகிறான். மீண்டும் பார்க்கும்போது அவள் இல்லை. வேண்டுமென்றேதான் விளக்காமல் விட்டோம் என்று ரொனால்ட் மூர் பின்னர் சொன்னார். தேவதையா, ஆவியா, வேறு ஏதாவதா என்று ரசிகர்கள் இன்றும் அடிபடுகிறார்கள்.

எங்களோடு ஓர் அக்கா இருந்தார். 2009 மே மாதம் இராணுவப் பகுதிக்கு வட்டுவாகல் பாலத்தைக் கடந்தபின் அவருடைய அண்ணனை யாரும் காணவில்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடங்கிய போராட்டத்தில் அவருடைய அம்மாவும் போய் இருந்தவர். அக்கா தொடர் முழுவதும் அதிகம் பேசவில்லை. காரா யார் என்ற வாதத்திலும் சேரவில்லை. அந்தக் காட்சியை மட்டும் பின்னால் ஓட்டச் சொன்னார். ஓட்டினோம். லீ சுற்றிப் பார்க்கிறான். அவளுக்கு விடைகொடுக்கிறான்.

"அவன் தேடிப் போகவில்லையே" என்றார் அக்கா.

இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார். போகவில்லைதான்.