சாவடிச் சுவரில் ஒரு கல்

நேயர்களுக்கு வணக்கம். டிசம்பர் 7 கொடி நாள். அதையொட்டிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். சட்டையில் குத்திக்கொள்ளும் சின்னக் கொடியையும் உண்டியலையும் நீங்கள் பள்ளிக்கூடத்திலேயே பார்த்திருப்பீர்கள். நான் எங்கள் ஊர்ச் சாவடிச் சுவரில் பதித்திருக்கிற ஒரு கல்லைப் பற்றிச் சொல்கிறேன்.

வட ஆர்க்காட்டுப் பக்கம் எங்கள் ஊர். வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போன ஊர் என்றே சொல்லலாம். நானும் இராணுவத்தின் என்ஜினியர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தவன்தான். பாலம் போடுவது, கண்ணிவெடி எடுப்பது எங்கள் வேலை. மற்ற ரெஜிமென்ட்காரர்களுக்கு நாங்கள் எல்லோருமே 'தம்பி'. தலை நரைத்த சுபேதாரும் தம்பிதான்!

அந்தக் கல் வெள்ளைக்காரன் காலத்தது. சின்ன வயதில் அதன்மேல் கரியால் ஸ்டம்ப் வரைந்து கிரிக்கெட் ஆடியிருக்கிறோம். பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்த பிறகுதான் சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டு நிதானமாகப் படித்தேன். 1914 முதல் 1919 வரை நடந்த பெரிய யுத்தத்துக்கு, அதாவது முதல் உலகப் போருக்கு, இந்த ஊரிலிருந்து போனவர்கள் இத்தனை பேர், அதில் உயிர் கொடுத்தவர்கள் 3 பேர். அவ்வளவுதான். யார் அந்த மூன்று பேர்? கல்லில் இல்லை. இதே வாசகத்தோடு, எண்ணை மட்டும் மாற்றி, பல ஊர்களில் இப்படிக் கல் வைத்திருக்கிறார்கள்.

அன்று இராத்திரி எனக்கு நினைவுக்கு வந்தது ஒரு நாய். செங்கம் பக்கம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்மப் பல்லவன் காலம், சுமார் 1,400 ஆண்டுப் பழசு. எருமைகளைக் காக்கப் போராடிச் செத்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு வைத்த கல். அவன் பக்கத்தில் அவனுடைய நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். கள்ளனைக் கடித்த அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்லிலேயே எழுதியும் வைத்திருக்கிறார்கள். நடுகல்லில் 'பெயரும் பீடும் எழுதி' என்று அகநானூறு சொல்வது இதைத்தான். நாய்க்குக்கூடப் பெயர் எழுதிய நாட்டில் மூன்று மனிதர்கள் வெறும் எண்ணாகிப் போனார்கள்.

எங்கள் ஊரில் மட்டும் இப்படி நடக்கவில்லை. அதே யுத்தத்தில் மாண்டவர்களுக்கு இராக்கில் பஸ்ராவில் பெரிய நினைவுச்சின்னம் ஒன்று இருக்கிறது. அதில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பெயர்களை வரிசையாக வெட்டியிருக்கிறார்கள். நம் சிப்பாய்களுக்கோ, இன்ன படைப்பிரிவில் இத்தனை பேர் என்ற கணக்கு மட்டும். இது பாரபட்சம் என்று ஒப்புக்கொண்டு, இந்த நினைவுச்சின்னங்களைக் கவனிக்கிற காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் மன்னிப்புக் கேட்டது 2021-இல்.

டெல்லியில் இந்தியா கேட் பக்கத்தில் 2019-இல் திறந்த தேசியப் போர் நினைவகத்துக்குப் போனேன். சுதந்திரத்துக்குப் பின் மாண்ட 25,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர் அங்கே கருங்கல்லில் இருக்கிறது. என்னோடு ஒரே பாரக்கில் படுத்தவன் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து, விரலால் தடவிப் பார்த்தேன். பக்கத்தில் ஒரு அம்மா வேறொரு பெயரைத் தடவிக்கொண்டிருந்தார். எனக்கு அவர் பாஷை புரியவில்லை, அவருக்கு என் பாஷை புரியவில்லை. கொஞ்ச நேரம் சேர்ந்து நின்றோம்.

திரும்பி வந்ததும் பேரனை உட்கார வைத்து, ஆணையத்தின் பதிவுகளைக் கம்ப்யூட்டரில் தேடச் சொன்னேன். சிலருக்குத் தகப்பன் பெயர், ஊர் பெயர் எல்லாம் இருக்கும். ஆனால் இங்கிலீஷில் நம் ஊர்ப் பெயரை எழுதியவர் காதில் என்ன விழுந்ததோ, எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படிக்க வேண்டியிருக்கிறது. ஆறு மாதத்தில் ஒருவர் கிடைத்தார். எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. அந்த வீட்டை இன்றும் 'பஸ்ராக்காரர் வீடு' என்கிறார்கள், ஏன் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

பெயரை வானொலியில் சொல்ல மாட்டேன், மன்னிக்கணும். அவர்கள் வீட்டில் இன்னும் சொல்லவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.